மார்கரீட்டா கரியும் ஜரியா கரியும்

தன்பாத் பக்கம் நிலக்கரி ஆய்வகத்தில் வேலை பார்த்த நாட்களில், அசாம் கரி மூட்டை வந்து இறங்கினாலே எங்களுக்குக் குஷிதான். மார்கரீட்டாவை ஒட்டிய மாகும் நிலக்கரி வயலின் கரி அது. சாம்பல் பெரும்பாலும் 10 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். தன்பாத்தை ஒட்டிய எங்கள் ஜரியா கரியோ கழுவி எடுத்த பிறகும் 17, 18-ஐ விட்டு இறங்க மறுக்கும். மண்ணும் கல்லும் நுண்துகளாகக் கரிக்குள்ளேயே ஊறிக் கிடந்தால் எவ்வளவுதான் கழுவுவது!

முதல் வேலை, சூட்டில் கரி எவ்வளவு ஒட்டி உப்புகிறது என்று சொல்லும் வீக்க எண் பார்ப்பது. பொடித்துச் சலித்த கரி ஒரே ஒரு கிராம். மூடி போட்ட சின்ன மூசையில் வைத்து, இரண்டரை நிமிடத்தில் 820 டிகிரிக்குச் சூடேற்ற வேண்டும். ஆறியபின் கவிழ்த்தால், ஒட்டாத கரி பொடியாகவே கொட்டும். அசாம் கரி பூரி மாதிரி உப்பிய பொத்தானாக, வெள்ளி மினுக்கோடு வெளியே வரும். எண் போட்ட மாதிரிப் படத்தில் உள்ள உருவங்களோடு பக்கத்தில் வைத்துப் பார்த்து எண் போடுவோம். உச்சம் 9.

மூட்டை எப்போது வெட்டிய கரி என்று கேட்காமல் அந்த எண்ணை நான் நம்புவதில்லை. காற்றுப்பட்டுக் கிடந்த கரி ஒட்டும் குணத்தை இழந்துவிடும். வாரக்கணக்கில் வெயிலில் போட்டுவிட்டு, "எங்க கரிக்கு எண்ணைக் குறைச்சுப் போட்டுட்டீங்களே சார்" என்று சண்டைக்கு வருபவர்களும் உண்டு.

கந்தக அறிக்கை வந்ததும் குஷி அடங்கும். ஜரியாவில் 1 சதவீதத்துக்கும் கீழே இருப்பது, அசாமில் 2-க்கு மேல் சாதாரணமாகப் போகும். அதில் பெரும்பகுதி கரியின் மூலக்கூறிலேயே பிணைந்திருப்பதால் கழுவினாலும் போகாது. கரியைக் காற்றில்லாமல் சுட்டால் கிடைக்கும் கோக்கில் தங்கி, இரும்பு உருக்கும் ஊதுலையில் இரும்போடு சேரும். அதைப் பிரிக்கச் சுண்ணாம்புக்கல்லும் கோக்கும் கூடுதலாகச் செலவாகும்.

அதனால் இரண்டையும் கலந்து சோதனை உலையில் சுட்டுப் பார்ப்போம். வந்த கோக்கில் 200 கிராம் எடுத்து, 1100 டிகிரியில் இரண்டு மணி நேரம் கரியமில வாயுவில் வாட்டி, உருளையில் 600 சுற்று உருட்டினால், 10 மில்லிமீட்டருக்கு மேல் எவ்வளவு மிஞ்சுகிறது என்று தெரியும். உலைக்குள் கோக் தாக்குப்பிடிக்குமா என்பதற்கு, உப்பிய பொத்தானைவிட இந்த எண்ணையே நான் மதிப்பேன்.

சுரங்கக்காரர்கள் "தேறுமா, தேறாதா?" என்று ஒரே வரியில் கேட்பார்கள். நாங்கள் கொடுப்பது கலவை அட்டவணை. அசாம் கரியின் பங்கு கூடக்கூட சாம்பல் இறங்கும், கந்தகம் ஏறும். எந்த வரியில் நிறுத்துவது என்று உருக்காலைக்காரர்களோடு மல்லுக்கட்டுவது தனி வேலை.