கொட்டைக்குக் கணக்கு இல்லை

திருச்சி காந்தி மார்க்கெட்டுக்கு இமாம் பசந்த் மாம்பழம் வந்துவிட்டது. மெல்லிய தோல், கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலும் கன்றிப்போகும். சில வாரம்தான் கிடைக்கும். பிறகு அடுத்த கோடைதான். விலையைக் கேட்டுத் திகைப்பது எனக்கு வழக்கம். வாங்காமல் திரும்புவதுதான் வழக்கமில்லை.

எனக்குச் சர்க்கரை வந்த பிறகு இது மூன்றாவது மாம்பழக் காலம். முதல் வருடம் ஒரு துண்டுகூடத் தொடவில்லை. அந்த வைராக்கியத்தில் வீட்டில் வேறு யாரையும் நிம்மதியாகத் தின்னவிடவுமில்லை. எதிரே உட்கார்ந்து ஒவ்வொருவர் வாயையும் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுவருடம் நேர் எதிர். பகலெல்லாம் உத்தமன். ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு, சமையலறையில் விளக்குப் போடாமல், பாத்திரம் கழுவும் தொட்டிமேல் குனிந்தபடி ஒரு முழுப் பழம். ருசி எப்படி இருந்தது என்று கேட்டால் தெரியாது. காலடிச் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்துக்கொண்டே விழுங்கியதுதான் நினைவிருக்கிறது.

ஆகஸ்டில் ரத்தப் பரிசோதனையில் வந்த மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி காட்டிக்கொடுத்துவிட்டது. ரத்தத்தின் சிவப்பணுவுக்கு ஆயுள் ஏறக்குறைய 120 நாள். தன்மேல் ஒட்டிய சர்க்கரையைக் கடைசிவரை சுமந்து திரியுமாம். பரிசோதனைக்கு முதல் நாள் பட்டினி கிடந்தெல்லாம் அதை ஏமாற்ற முடியாது. முயன்று பார்த்தவன் சொல்கிறேன்.

இந்த வருடம் டாக்டரே ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்: 100 கிராம், சாப்பாட்டோடு வேண்டாம், மாலையில் தனியாக. மனைவி எடைபோட்டுத் தருகிறாள். நான்கு துண்டு. மூன்று மணிக்கே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறேன். முதல் துண்டை மெல்வதில்லை; நாக்கால் மேலண்ணத்தில் வைத்து நசுக்குகிறேன். இந்தப் பழத்தில் லேசாக ஓர் எலுமிச்சை வாசம் உண்டு என்பதை 56 வயதில்தான் கண்டுபிடித்தேன்.

அடக்கத்தால் ருசி கூடிவிட்டது என்று காலை நடைக்கு வரும் நண்பர்களிடம் ஞானிபோல் பேசிவருகிறேன். ஒன்றை மட்டும் சொல்வதில்லை. தராசில் ஏறுவது கதுப்பு மட்டும்தான், கொட்டை ஏறுவதில்லை. சின்ன வயதில் எங்கள் வீட்டில் கொட்டை கடைக்குட்டிக்கு. நான்தான் கடைக்குட்டி. அந்த உரிமையை இன்றுவரை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

நேற்று மனைவி கேட்டாள்: "கொட்டையில் ஒட்டியிருப்பது என்ன, பலாப்பழமா?"

பதில் சொல்ல வாய் ஒழியவில்லை. சாறு முழங்கை வரை வழிந்துகொண்டிருந்தது.