சுகர் மாத்திரையோடு பிரஷர் மாத்திரை சேரும்போது: மலையில் முதல் ஒரு மாதம்

சுகருக்கு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு டாக்டர் பிரஷருக்கும் எழுதிவிட்டால், கோத்தகிரியானாலும் கூடலூரானாலும் எங்களிடம் வருகிற முதல் கேள்வி, "ரெண்டையும் சேர்த்துப் போடலாமா?" என்பதுதான். போடலாம். சுகர் மாத்திரையான மெட்ஃபார்மினுக்கும் பிரஷர் மாத்திரையான அம்லோடிபினுக்கும் சண்டை கிடையாது. எனலாப்ரில், டெல்மிசார்டான் போன்ற பிரஷர் மாத்திரைகள், சிறுநீரில் புரதம் போகிற சர்க்கரை நோயாளியின் சிறுநீரகத்தைக் காக்கவும் செய்யும். வினை வருவது வேறு வழிகளில்.

முதல் வேலை, வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரைகளையும் ஒரே பையில் எடுத்துவரச் சொல்வது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் மூலம் வாசலுக்கு வந்தது ஒரு பக்கம் இருக்கும். கோயம்புத்தூர் போனபோது தனியார் டாக்டர் எழுதியது இன்னொரு பக்கம். பாயில் பரப்பிப் பார்த்தால் இதில் எனலாப்ரில், அதில் டெல்மிசார்டான். இரண்டையும் ஒருசேரச் சாப்பிடக் கூடாது. பொட்டாசியம் ஏறும், சிறுநீரகம் கெடும். சுகர் மாத்திரையான கிளிமிபிரைடும் அப்படித்தான். தனி அட்டையில் ஒன்று, மெட்ஃபார்மினோடு சேர்ந்த கூட்டு மாத்திரைக்குள் இன்னொன்று என்று அளவு இரட்டிப்பாகிவிடும். பெரிய எழுத்தில் உள்ள கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, கீழே பொடி எழுத்தில் உள்ள மருந்தின் பெயரைப் படியுங்கள். பெயரும் காலாவதித் தேதியும் உள்ள மூலையைக் கடைசிவரை பிய்க்காமல் வைத்திருங்கள். எதை நிறுத்துவது என்பதை டாக்டர் சொல்லட்டும்.

எனலாப்ரிலோ டெல்மிசார்டானோ தொடங்கும் முன் ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு), பொட்டாசியம் இரண்டும் பார்க்க வேண்டும். ஒன்றிரண்டு வாரத்தில் மறுபடி பார்க்க வேண்டும். கிரியாட்டினின் 30 சதவீதம் வரை ஏறுவது எதிர்பார்த்ததே, அதற்குப் பயந்து மாத்திரையை நிறுத்தாதீர்கள். அதற்கு மேல் போனாலோ, பொட்டாசியம் 5.5-ஐத் தாண்டினாலோ அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் (ரிப்போர்ட்டில் eGFR) 45-க்குக் கீழே இறங்கினால் மெட்ஃபார்மின் அளவைக் குறைப்பார்கள், 30-க்குக் கீழே நிறுத்திவிடுவார்கள். 'சோடியம் குறைந்த உப்பு' வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டும்: அதில் சேர்ப்பது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. எனலாப்ரிலில் வறட்டு இருமல் வரலாம். இங்கே எல்லோரும் பனியின் மேல் பழியைப் போட்டு மாதக்கணக்கில் இருமல் மருந்து குடிக்கிறார்கள். மாத்திரையை மாற்றினால் சில வாரங்களில் நின்றுவிடும்.

எங்களுக்கு அதிகக் கவலை தருவது அட்டினோலால், மெட்டோப்ரோலால் என்ற இரண்டு பிரஷர் மாத்திரைகளும்தான். கிளிமிபிரைடோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு, வெறும் டீயைக் குடித்துவிட்டுக் கொழுந்து பறிக்க மேடேறுகிறவருக்குச் சுகர் இறங்கினால் படபடப்பும் கை நடுக்கமும்தான் முதலில் எச்சரிக்கும். இந்த மாத்திரைகள் அந்த இரண்டையும் அமுக்கிவிடும். வியர்வையை அமுக்காது. ஊசிக் காற்றில் நிற்கும்போதும் ஸ்வெட்டருக்குள் பிடரி நனைந்து, பேச்சு குழறினால் அது சுகர் இறங்கியதாக இருக்கலாம் என்று பக்கத்து நிரையில் பறிக்கிறவருக்கும் சொல்லிவையுங்கள். சுகர் 70-க்குக் கீழே இருந்தால் 3 டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. வோக்ளிபோஸ் என்ற சுகர் மாத்திரை சாப்பிடுகிறவருக்குச் சீனி மெதுவாகத்தான் ஏறும். அவர் பையில் குளுக்கோஸ் பொடி இருக்க வேண்டும். ஊட்டியில் உறைபனி விழும் ஜனவரி காலையில், 10 டிகிரிக்குக் கீழே பல குளுக்கோமீட்டர்கள் வேலை செய்யாது. மீட்டரைச் சட்டைக்குள் வைத்துச் சூடாக்கி, கையை வெந்நீரில் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள்.

சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசினோடு, சிறுநீரை அதிகமாக்கும் நீர் மாத்திரையும் சேர்ந்தால் உடம்பில் நீர் வற்றி, எழுந்ததும் தலை சுற்றும். 5 நிமிடம் உட்காரவைத்து பிரஷர் பார்த்து, பிறகு நிற்கவைத்து 1-வது, 3-வது நிமிடத்தில் பாருங்கள். மேல் அளவு 20, அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். லைன் வீட்டுப் படிகளில் விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும்.

நாள் முழுக்க வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின், எனலாப்ரில் அல்லது டெல்மிசார்டான், நீர் மாத்திரை ஆகியவற்றை நிறுத்திவைத்து, சாதாரணமாகச் சாப்பிட்டுக் குடிக்கத் தொடங்கி 24 முதல் 48 மணி நேரம் ஆன பிறகு மீண்டும் தொடங்கச் சொல்வது வழக்கம். உங்களுக்கு எது பொருந்தும் என்று டாக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இன்சுலினை மட்டும் முழுவதும் நிறுத்தவே கூடாது. மேட்டுப்பாளையம் இறங்கும் வழியில் கொண்டை ஊசி வளைவில் சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்துவிட்டால், காலையில் போட்ட கிளிமிபிரைடு உள்ளே வேலை செய்துகொண்டேதான் இருக்கும். கையில் பிஸ்கட்டும் சீனியும் வேண்டும்.

ஏற்ற இறக்கத்தில் மூட்டு வலிக்கிறது என்று கடையில் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையைக் கேட்டு வாங்குவது இங்கே அதிகம். டெல்மிசார்டானும் நீர் மாத்திரையும் சாப்பிடுகிறவருக்கு மூன்றாவதாக அதுவும் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று செயலிழக்கலாம். பாராசிட்டமாலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அம்லோடிபினில் கால் வீங்கும். பியோகிளிட்டசோன் என்ற சுகர் மாத்திரை சேர்ந்தால் இன்னும் வீங்கும். மூச்சு வாங்கினால் இதயத்தைப் பார்க்க வேண்டும். வில்டாகிளிப்டின் என்ற சுகர் மாத்திரையோடு எனலாப்ரில் எடுப்பவருக்கு அபூர்வமாக உதடு, நாக்கு, முகம் வீங்கலாம். எஸ்டேட் வரை 108 ஏறி வருவதற்கே நேரம் பிடிக்கும், அதனால் விடியட்டும் என்று காத்திருக்காமல் வீக்கத்தைப் பார்த்த உடனே கூப்பிடுங்கள்.