முன்னிலை போதுமா?

கொழும்பு எஸ்.எஸ்.சி. (சிங்கள விளையாட்டுக் கழக) மைதானத்தில் இலங்கை அணி ஆடும் டெஸ்ட் கிரிக்கெட் போட்டியின் மூன்றாம் நாள் ஆட்டம் முடிந்து வெள்ளவத்தைக்குத் திரும்பிய பின்னரும் எங்கள் வாக்குவாதம் ஓயவில்லை. முதல் இன்னிங்ஸில் பெற்ற முன்னிலையே போதும், வெற்றி நமக்குத்தான் என்று நண்பர்கள் அடித்துச் சொல்கிறார்கள். எனக்கோ மனம் ஆறவில்லை.

இதே மைதானத்தில் 1992 ஆகஸ்டில் முதல் இன்னிங்ஸில் ஆஸ்திரேலியாவை விட 291 ஓட்டங்கள் முன்னிலை பெற்ற நமது அணி, கடைசி இன்னிங்ஸில் 181 என்ற இலக்கை நோக்கி 2 விக்கெட் இழப்புக்கு 127 ஓட்டங்கள் எடுத்து வலுவாக நின்ற பிறகும், 164 ஓட்டங்களுக்குச் சுருண்டு 16 ஓட்டங்களால் தோற்றது. இறுதி மூன்று விக்கெட்டுகளும் ஆஸ்திரேலியச் சுழற்பந்து வீச்சாளர் ஷேன் வோர்னுக்கே போயின. அந்தத் தோல்வி இன்றும் வலிக்கிறது.

“அண்ணை, 2017இல் பிரேமதாச மைதானத்தில் சிம்பாப்வேக்கு எதிராக 388 ஓட்டங்களைத் துரத்தி வெல்லவில்லையா?” என்று தம்பி ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அன்று 5 விக்கெட்டுகள் சரிந்த பின் நமது துடுப்பாட்டக்காரர்கள் டிக்வெல்லவும் குணரத்னவும் சேர்ந்து 121 ஓட்டங்கள் குவித்திராவிட்டால் கதை வேறு.

பந்துவீச்சாளர்களின் சப்பாத்துகள் கிளறிய மண்ணில் விழுந்த பந்தொன்று இன்று மாலை கணுக்காலுக்கு மேல் எழவேயில்லை; இப்படிச் சிதையும் ஆடுகளத்தில் கடைசியாகத் துடுப்பெடுத்தாட வேண்டியவர்கள் நாம்தான். ஆகவே நாளை மதிய இடைவேளைக்குள் எதிரணியின் நான்கு விக்கெட்டுகளையாவது வீழ்த்தியாக வேண்டும். இல்லையேல், நான்காவது இன்னிங்ஸில் 150 ஓட்டங்கள்கூட நம்மைப் பாடாய்ப் படுத்திவிடும்.