ஒரு மெகாபைட் வரம்பும் தொலைந்த செய்திகளும்: பணி நாட்குறிப்பு

மார்ச் 4

செய்திகளை வாங்கிச் சேமித்து வழங்கும் காஃப்காவுக்குச் செல்ல வேண்டிய ஆவணச் செய்திகளில் சில மட்டும் வந்து சேரவில்லை என்று புகார் வந்தது. காஃப்காவின் சர்வரான புரோக்கரின் லாகில் பிழையின் தடயமே இல்லை. அனுப்பும் நிரலில் கால்பேக் (அனுப்பியதன் முடிவு தெரிந்ததும் அழைக்கப்படும் செயற்கூறு) எதுவும் இல்லாததைக் கண்டு, ஒன்றை எழுதிச் சேர்த்த சிறிது நேரத்தில் விஷயம் வெளிப்பட்டது. செய்தி 13,84,512 பைட், மேக்ஸ்.ரிக்வெஸ்ட்.சைஸ் வரம்போ 10,48,576 பைட். வரம்பை மீறியதை, அனுப்பும் பக்கத்தில் இயங்கும் புரொடியூசர் கால்பேக் வழியாகவோ, முடிவைப் பின்னர் தரும் ஃபியூச்சர் வழியாகவோ மட்டுமே தெரிவிக்கிறது; இரண்டையும் யாரும் பார்க்காவிட்டால் செய்தி சத்தமில்லாமல் தொலைந்துவிடும்.

மார்ச் 5

கம்ப்ரஷன் (தரவுச் சுருக்கம்) போட்டால் போதும் என்று குழுவில் ஒருவர் சொன்னார். போட்டும் அதே பிழைதான், அதே எண்தான். புரொடியூசர் தன் வரம்பைச் சுருக்குவதற்கு முந்தைய அளவோடு ஒப்பிடுகிறது, புரோக்கரின் மெசேஜ்.மேக்ஸ்.பைட்ஸ் வரம்போ, சுருக்கிய பிறகு வரும் முழு பேட்ச்சின் (ஒன்றாக அனுப்பப்படும் செய்தித் தொகுதியின்) அளவைப் பார்க்கிறது. இரண்டின் இயல்பு மதிப்புகளும் 12 பைட் வித்தியாசத்தில் ஏறத்தாழ ஒன்றாக இருப்பதால், இரண்டும் ஒரே வரம்பு என்று நம்பிவிடுவது எளிது.

மார்ச் 6

புரொடியூசர் வரம்பை மட்டும் 5 மெகாபைட்டாக உயர்த்தினோம். வெறும் ஜேசன் உரையாக இருந்தவை நன்றாகச் சுருங்கி, புரோக்கரின் அமைப்பை மாற்றாமலேயே கடந்துவிட்டன. ஸ்கேன் செய்த படங்களைப் பேஸ்64 (பைட்டுகளை எழுத்துகளாக மாற்றும் முறை) ஆக்கிச் சுமந்தவை கடக்கவில்லை: படம் ஏற்கெனவே சுருக்கப்பட்டது, பேஸ்64 அதை மூன்றில் ஒரு பங்கு பெரிதாக்குகிறது, எவ்வளவு சுருக்கினாலும் அந்தக் கூடுதல்தான் குறையும். பேட்ச்சில் பல செய்திகள் இருந்தால் புரொடியூசரே அதைப் பிரித்து மீண்டும் அனுப்பும்; தனி ஒரு செய்தியே பெரிதாக இருந்தால் பிரிப்பதற்கு ஒன்றுமில்லை.

மார்ச் 10

புரோக்கரில் செய்திகள் சேரும் பிரிவான டாபிக்கின் வரம்பையும் உயர்த்திவிடலாமா என்று நீண்ட விவாதம். காஃப்கா 0.10.1 பதிப்பிலிருந்து, ஒரு முறையில் எடுக்கும் அளவான ஃபெட்ச் வரம்பை மீறிய பேட்ச் முதலாவதாக நின்றாலும், வாசிக்கும் கன்சியூமருக்கும் நகல் வைத்திருக்கும் ரெப்ளிகாவுக்கும் கிடைத்துவிடும். எனவே பழைய பதிப்புகளைப் போல வாசிப்பு முடங்கிப்போகாது. என் தயக்கம் நினைவகத்தைப் பற்றியது. ஒரு போலுக்கு (ஒரு முறை கேட்டு வாங்குவதற்கு) 500 செய்திகள் வரை எடுக்கும் கன்சியூமரிடம் இத்தகைய செய்திகள் வரிசையாக வந்தால், நிரலின் நினைவகமான ஹீப் தாங்காமல் போகலாம். வரம்பை உயர்த்துவது ஐந்து நிமிட வேலை என்பதே அதற்கு ஆதரவாகச் சொல்லப்பட்ட வலுவான வாதம்; எனக்கு அது போதவில்லை.

படங்களைக் கோப்புகளுக்கான தனிச் சேமிப்பகமான ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜில் வைத்து, செய்தியில் அதன் சாவியை மட்டும் அனுப்புவதென்று முடிவானது. முதலில் கோப்பு, பிறகு செய்தி என்ற வரிசையில்தான் எழுத வேண்டும். இடையில் ஏதேனும் முறிந்தால் எந்தச் செய்தியும் சுட்டாத கோப்பு ஒன்று மிஞ்சும், அவ்வளவே. மாற்றி எழுதினால், இல்லாத கோப்பைத் தேடிக் கன்சியூமர் திணறும். கோப்பின் ஆயுளும் டாபிக்கின் 7 நாள் தக்கவைப்பைவிட நீண்டிருக்க வேண்டும்.

மார்ச் 14

புதிய நிரல் ஓடுகிறது. விடுபட்ட ஆவணங்களைத் தரவுத்தளத்திலிருந்து எடுத்து மறுபடி அனுப்பியாயிற்று. புரொடியூசரின் ரெக்கார்ட்-எரர்-ரேட் அளவைக்கு எச்சரிக்கை அமைக்கும் வேலை திங்கட்கிழமைக்கு இருக்கிறது.