மூன்றாம் அகஸ்டா: பெயரைக் கொத்தி எடுத்த கதை

ரோமானிய லீஜியன், அதாவது ரோமானியரின் பெரும் படைப்பிரிவு, என்று பேச்செடுத்தாலே ஒன்பதாவது லீஜியன் எங்கே மாயமானது என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். இங்கிலாந்தின் யார்க் நகரில் கி.பி. 108 வாக்கிலான ஒரு கல்வெட்டு கிடைத்தது. பிரிட்டனில் அதன்பின் அந்தப் படையின் சுவடு இல்லை. அவ்வளவுதான் விஷயம். அதற்குள் எத்தனை கற்பனை! காணாமல் போன படையைவிட, கிடந்த இடத்திலேயே கிடந்து, தான் செய்த வேலைகளையெல்லாம் கல்லில் எழுதிவைத்துவிட்டுப் போன படைதான் என்னைப் போன்ற அலுவலக ஆளுக்குச் சரிப்படும். அது மூன்றாம் அகஸ்டா லீஜியன்.

எகிப்துக்கு மேற்கே வட ஆப்பிரிக்கா முழுவதற்கும் நிரந்தரமாக இருந்த லீஜியன் இது ஒன்றுதான். ஏறத்தாழ 5,000 பேர், கூடவே துணைப்படைகள். பெரிய போர் என்று பார்த்தால் ஆரம்ப காலத்தில் டக்ஃபாரினாஸ் கொடுத்த தொல்லை. ரோமானியத் துணைப்படையில் பயிற்சி பெற்று, ஓடிப்போய், அதே பயிற்சியை ரோமுக்கு எதிராகத் திருப்பியவன். கி.பி. 17 முதல் 24 வரை ஓட்டம் காட்டினான். கி.பி. 20இல் அவன் முன்னால் ஒரு கோஹார்ட் (லீஜியனின் உட்பிரிவு) புறமுதுகு காட்டியதற்காக, ஆளுநர் அப்ரோனியஸ் அந்தப் பிரிவில் பத்துக்கு ஒருவரைச் சீட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்து அடித்துக் கொல்ல வைத்தார். துணைக்கு வேறொரு லீஜியனும் வரவழைக்கப்பட்டது. எது தெரியுமா? அதே ஒன்பதாவதுதான்.

அதன்பின் வந்த நூறு ஆண்டுகளில் சாலை போட்டார்கள், எல்லை அளந்தார்கள், ஊர் கட்டினார்கள். கி.பி. 100இல் டிராஜன் பேரரசரின் ஆணைப்படி ஓய்வுபெற்ற வீரர்களுக்காகக் கட்டிய டிம்காட் நகரம் இன்றும் அல்ஜீரியாவில் சதுரங்கக் கட்டம் போலக் கிடக்கிறது. அங்கே மன்றத்துக் கல்தரையில் எவரோ செதுக்கிய வாசகம்: வேட்டையாடு, குளி, விளையாடு, சிரி, இதுதான் வாழ்க்கை. ஓய்வூதியர் ஊருக்குப் பொருத்தமான வாசகம்தான்.

படையின் தலைமை முகாம் பின்னால் லம்பேசிஸ் என்ற இடத்துக்கு மாறியது, ஓரேஸ் மலையடிவாரத்தில். கி.பி. 128 ஜூலையில் ஹேட்ரியன் பேரரசர் அங்கே நேரில் வந்து பயிற்சிகளைப் பார்வையிட்டுப் பேசிய பேச்சைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். ஒரு பேரரசர் சிப்பாய்களிடம் என்ன பேசினார் என்பது இவ்வளவு விவரமாகக் கிடைப்பது அபூர்வம். உங்களில் ஒரு கோஹார்ட் ஆண்டுதோறும் ஆளுநரிடம் போய்விடுகிறது, பலர் சிறு காவல் நிலைகளில் சிதறிக் கிடக்கிறீர்கள், என் நினைவுக்கு எட்டியவரை இரண்டு முறை முகாம் மாற்றிப் புதிதாகக் கட்டியிருக்கிறீர்கள், ஆகவே பயிற்சியில் குறை இருந்திருந்தாலும் மன்னித்திருப்பேன் என்கிறார். ஆள் பற்றாக்குறையை மேலதிகாரியே முன்வந்து ஒப்புக்கொள்வதைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. ஆனால் வெறும் புகழ்ச்சியோடு விடவில்லை. ஒரு குதிரைப் பயிற்சி பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறார்.

இதே லம்பேசிஸில் கொம்பு ஊதுபவர்கள் சங்கம் ஒன்று இருந்தது. செவரஸ் பேரரசர் காலத்து விதிமுறைகள் கல்லில் உள்ளன. சேருவதற்கு 750 டெனாரியஸ் என்ற வெள்ளிக் காசு. ஓய்வு பெற்றால் 500 திரும்பக் கிடைக்கும். இறந்துவிட்டால் வாரிசுக்கு 500. பதவி இறக்கப்பட்டால் 250. கொம்பு ஊதியே பகைவனைக் கதிகலங்க வைத்தவர்கள் குடும்ப நல நிதிக்குத் துணை விதி எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்!

ஆனால் எனக்கு நெருக்கமானவர் நோனியஸ் டாட்டஸ். நான் நில அளவையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அவர் இந்தப் படையின் நீர்மட்ட அளவையாளர். சால்டே என்ற கடற்கரை ஊருக்கு, அதாவது இன்றைய அல்ஜீரியாவின் பெஜாயாவுக்கு, மலையிலிருந்து தண்ணீர் கொண்டுவர 400 மீட்டருக்கு மேல் ஒரு சுரங்கம் குடைய வேண்டியிருந்தது. டாட்டஸ் மட்டம் பார்த்து, கோடு குறித்து, வரைபடத்தை அதிகாரியிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினார். பிறகு அவர் ஓய்வும் பெற்றுவிட்டார். கி.பி. 152 வாக்கில் அவரை உடனே அனுப்பும்படி படைத் தளபதிக்குக் கடிதம் வருகிறது. போகும் வழியில் கொள்ளையர் மடக்கி, துணியை உருவி, காயப்படுத்தி விரட்டுகிறார்கள். எப்படியோ தப்பி ஊர் போய்ச் சேர்ந்தால், அங்கே சுரங்கத்தை எண்ணி அழுதுகொண்டிருக்கிறார்கள். காரணம், இரு பக்கமும் தோண்டிய நீளத்தைக் கூட்டினால் மலையின் அகலத்தைவிட அதிகம்! இன்னும் முட்டவில்லை.

மலை மேல் கிழக்கிலிருந்து மேற்காக முளை அடித்துக் கோடு போட்டிருந்தது. உள்ளே போன இரு அணிகளும் அவரவர் வலப்பக்கம் சாய்ந்துவிட்டன. எதிரெதிராக வருவதால் ஒன்றின் வலம் தெற்கு, மற்றதன் வலம் வடக்கு. ஒருவரை ஒருவர் தாண்டிப் போய்விட்டார்கள். டாட்டஸ் வேலையைப் பங்கிட்டு, கடற்படை வீரர்களையும் மலைநாட்டுத் துணைப்படையினரையும் போட்டி போட வைத்து, இரண்டையும் இணைத்தார். தண்ணீர் ஓடியது.

இந்தக் கதை முழுவதையும் டாட்டஸ் ஒரு கல்லில் வெட்டி வைத்திருக்கிறார். அந்தக் கல்வெட்டில் என்னைக் கவர்ந்தது அவருடைய எச்சரிக்கை உணர்வு. முதலில் மட்டம் பார்த்தது நான், வரைபடம் கொடுத்தது நான், அதை வாங்கியவர் இன்ன அதிகாரி என்று பெயர் சொல்லி எழுதி, தன் உழைப்பு தெளிவாகத் தெரியட்டும் என்று கடிதங்களின் நகலையும் சேர்த்திருக்கிறார். பழி யார்மேல் விழும் என்று அறிந்த ஆள். மேலே மூன்று பெண் முகங்கள்: பொறுமை, ஆற்றல், நம்பிக்கை. பொறுமைக்கு முதலிடம் தந்ததில் எனக்கு முழு உடன்பாடு. அந்தக் கல் இன்று பெஜாயா நகரமன்றத்தின் முன் நிற்கிறது.

இப்படிப்பட்ட படையின் தலையில் கி.பி. 238இல் அரசியல் விழுந்தது. ஆப்பிரிக்காவில் அப்போதைய பேரரசருக்கு எதிராகக் கலகம் செய்தவர்கள் முதிய கோர்டியனையும் அவர் மகனையும் பேரரசர்கள் ஆக்கினார்கள். இந்தப் படை இருந்த நுமிடியா பகுதியின் ஆளுநர் கபெலியானஸுக்கு கோர்டியனோடு பழைய வழக்குப் பகை. அவர் மூன்றாம் அகஸ்டாவை நடத்திக்கொண்டு கார்த்தேஜுக்கு வந்தார். எதிரில் நின்றது வீட்டுக் கத்தியும் கோடரியும் ஏந்திய கூட்டம். மகன் களத்தில் செத்தான், தந்தை தூக்கிட்டுக்கொண்டார். படைக்குக் கிடைத்தது மேலிடத்து உத்தரவு, அதைச் செய்தது. ஆனால் அதே ஆண்டில் அரியணை ஏறியது முதிய கோர்டியனின் பேரன், 13 வயதுச் சிறுவன் மூன்றாம் கோர்டியன். லீஜியன் கலைக்கப்பட்டது. போதாதென்று, அதன் பெயர் இருந்த கற்களைத் தேடித் தேடி உளியால் கொத்தினார்கள்.

15 ஆண்டுகள் கழித்து, பாலைவன ஓரத்தில் பழங்குடியினர் கிளம்பியதும் ரோமுக்கு இந்தப் படையின் அருமை தெரிந்தது. 253இல் வலேரியன் அதை மீட்டார். ஆல்ப்ஸ் மலைப்பக்கத்து ரேட்டியா மாகாணத்திலிருந்து ஆப்பிரிக்காவின் கெமெல்லே கோட்டைக்குத் திரும்பிய ஒரு பிரிவு, அந்த ஆண்டு அக்டோபரில் வெற்றித் தெய்வத்துக்கு நேர்த்திக்கடன் செலுத்திக் கல் நட்டது. படையின் பெயரோடு ‘மீட்கப்பட்டது’ என்று சேர்த்துக்கொண்டது. பழைய கற்களிலும் கொத்திய பள்ளத்துக்குள்ளேயே பெயரை மறுபடி வெட்டினார்கள்.