தண்ணீர் விடாத சட்டி

மார்ச் 25, 2023, சனி, விட்டோரியா

மண்சட்டி செய்யும் பெண்கள் இருக்கும் கொயாபெய்ராஸ் பகுதிக்குப் போய்ப் புதுச் சட்டி வாங்கி வந்தேன். பழைய சட்டியின் அடியில் இருந்த கீறல் விளிம்பு வரை ஏறிவிட்டது. மாமியாரிடம் இன்னும் சொல்லவில்லை. திறந்தவெளித் தீயில் வெந்த சட்டிகளை நீண்ட கழியால் இழுத்துப் போட்டு, சூடு ஆறுவதற்குள், சிவப்புக் கண்டல் மரப்பட்டைச் சாற்றில் தோய்த்த துடைப்பத்தால் பெண்கள் அடித்துக்கொண்டிருந்தார்கள். சாறு பட்ட இடம் சீறிக் கருத்தது. சக்கரம் கிடையாது, எல்லாம் கைவேலை. பிரேசில் அரசு 2002-இல் அருவ மரபுச் செல்வங்களைப் பதிவு செய்யத் தொடங்கியபோது முதலில் இடம்பெற்றது இவர்களுடைய தொழில்தான். விற்ற அம்மாள் அந்தப் பெருமை எதையும் பேசவில்லை. மூடியைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்து, இடைவெளி இல்லை என்று உறுதியான பிறகே பணத்தை வாங்கினார்.

இரவு எண்ணெய் பூசி, மெல்லிய தீயில் வைத்துச் சட்டியைப் பழக்கினேன். வீடு முழுவதும் புகை. என் கணவர் சன்னல்களைத் திறந்துவிட்டாரே தவிர ஒன்றும் கேட்கவில்லை.

மார்ச் 27, திங்கள்

மாமியாரின் இரத்தப் பரிசோதனை முடிவு வரவில்லை.

மார்ச் 29, புதன்

நாத்தனார் சல்வடோரிலிருந்து வந்துவிட்டார். பெட்டியைத் திறந்ததும் முதலில் எடுத்து வைத்தது ஒரு புட்டி தெந்தே, அதாவது செம்பனை எண்ணெய். அம்மாவுக்கு வாய் ருசிக்க வேண்டுமென்றால் தெந்தேயும் தேங்காய்ப்பாலும் குடைமிளகாயும் சேர்த்துத்தான் மொகேக்கா என்னும் சட்டி மீனை வைக்க வேண்டும் என்கிறார். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் கைவழியாக, சல்வடோர் இருக்கும் பாய்யா மாநிலத்தில் வளர்ந்த சமையல் அது. சல்வடோரில் உண்ணும்போது நானே இன்னொரு தட்டு கேட்டு வாங்கியிருக்கிறேன். ஆனால் தெந்தேயும் தேங்காய்ப்பாலும் சேர்ந்தால் எந்த மீனும் செல்வச் செழிப்போடு தெரியும். அவை இரண்டும் சேராத இந்த ஊர்ச் சட்டியில் மீனுக்கு மறைவிடமே கிடையாது. நாங்கள் அடுக்களையில் வாதாடிக்கொண்டிருந்தபோது, காலையிலிருந்து வாய் திறக்காத மாமியார் படுக்கையிலிருந்தே, “மொகேக்கா என்றால் எங்கள் ஊருடையது, மற்றதெல்லாம் வெறும் மீன் குழம்பு” என்று இங்குள்ளோர் வழக்கமாகச் சொல்லும் வாசகத்தை உரக்கச் சொன்னார். நாத்தனார் சிரித்துவிட்டார். புட்டி அலமாரிக்குள் போயிற்று.

ஏப்ரல் 1, சனி

இன்று சமைத்தேன். செந்நிறம் தரும் உருக்கூம் விதைகளை எண்ணெயில் இட்டு இளஞ்சூட்டில் வைத்தேன். அவற்றின் நிறம் கொழுப்பில்தான் நன்றாக இறங்கும். சூடு மிஞ்சினால் செம்மை பழுப்பாகிக் கசந்துவிடும் என்பதால் அடுப்பை விட்டு நகரவில்லை. களவா இனத்தைச் சேர்ந்த பதேஜோவின் தடித்த துண்டங்களில் எலுமிச்சையும் பூண்டும் தடவினேன். மருத்துவர் சொன்னபடி உப்பு ஒரு சிட்டிகையோடு சரி. சட்டியில் ஆலிவ் எண்ணெயும் அந்தச் சிவப்பு எண்ணெயும், பிறகு வெங்காயம், தக்காளி, கொத்தமல்லி, அதன்மேல் மீன், மறுபடியும் அதே அடுக்கு, கடைசியில் மூடி. தண்ணீர் ஒரு சொட்டும் விடக்கூடாது. கரண்டியும் போடக்கூடாது, துண்டங்கள் உடைந்துபோகும். காதுகளைப் பிடித்துச் சட்டியை மெல்லக் குலுக்கலாம், அவ்வளவே. தக்காளியும் வெங்காயமும் மீனும் தம்மிலிருந்து விடும் நீரே சாறு.

மூடிக்குள் கொதி கேட்கத் தொடங்கியதும் அந்தப் பழைய எண்ணம் என்னைப் பிடித்துக்கொண்டது. வெளியிலிருந்து எதுவும் சேராத சட்டியில் ஊறுவது மீன் வாழ்ந்த நீர்தானே. மாமியார் பிறந்தது தோசி ஆறு கடலில் கலக்கும் ரெஜென்சியாவில். 2015 நவம்பர் 5 அன்று மரியானாவில் இரும்புச் சுரங்கக் கழிவைத் தேக்கியிருந்த அணை உடைந்து 19 பேர் மாண்டார்கள்; அந்தச் சேறு அறுநூறு கிலோமீட்டருக்கும் மேல் ஆற்றோடு வந்து, அதே மாதத்தில் அவருடைய ஊர்க் கடலைப் பழுப்பாக்கியது. அடுத்த ஆண்டு அந்த முகத்துவாரத்தில் மீன்பிடிக்க நீதிமன்றம் தடை விதித்தது. அதற்கு முன்பெல்லாம் தட்டைக் கண்டதும் ‘எந்தத் துறை மீன்?’ என்று கேட்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. இப்போது கேட்பதில்லை. தெற்கே குவராபரிப் பக்கத்து மீன் என்று சொல்லக் காத்திருந்தேன், கேட்கவே இல்லை.

மேசைக்கு வந்த பிறகும் சட்டி நெடுநேரம் கொதித்துக்கொண்டிருந்தது. மீன்தலை வேகவைத்த சாற்றில் மரவள்ளி மாவைக் கட்டிதட்டாமல் தூவிக் கிளறிய பிராவுன் கூழைத்தான் மாமியார் விரும்பி உண்டார். மீனில் ஒரு விள்ளல் மட்டும். உப்பு போதவில்லை என்று முகம் சொல்லியது, வாய் சொல்லவில்லை.

ஏப்ரல் 3, திங்கள்

மருத்துவமனையிலிருந்து தொலைபேசி வந்தது. இரத்தம் மறுபடியும் எடுக்க வேண்டுமாம்.

ஏப்ரல் 5, புதன்

புனித வார விலை. வழக்கமான மீன்காரர் இல்லை. அவர் இடத்தில் நின்ற இளைஞனிடம் இது எந்தத் துறை மீன் என்று கேட்டேன். “எல்லாம் ஒரே கடல்தானே, அம்மா” என்றான். வாங்காமல் திரும்பிவிட்டேன். அவன் ஒன்றும் தவறாகச் சொல்லவில்லை. அதனால்தான் கோபம் இன்னும் அடங்கவில்லை.

ஏப்ரல் 7, பெரிய வெள்ளி

நாத்தனார் இந்த நாளுக்கே உரிய தொர்த்தா செய்தார். உப்பிட்டுக் காய்ந்த காட் மீன், உதிர்த்த நண்டுச் சதை, இறால், பனைக் குருத்து, மேலே அடித்து ஊற்றிய முட்டை. எல்லாம் புதுச் சட்டியிலேயே வெந்தது. காட் மீனை முந்தாநாள் முதல் ஊறவைத்துத் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தார், மாமியாருக்காக. பாய்யாக்காரிக்கு இவ்வளவு பொறுமை இருக்கும் என்று நான் எண்ணியதில்லை.

மாமியார் நன்றாகப் பேசினார். ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் இடத்தில் அவருடைய தந்தை ரொபாலோ மீன் பிடித்துவருவாராம். வீட்டில் தக்காளி இல்லாத நாளில் வெங்காயமும் எலுமிச்சையும் மட்டும் இட்டுத் தாயார் சமைப்பாராம். பிறகு, “எனக்கு ரொபாலோ வேண்டும்” என்றார். எந்தத் துறையிலிருந்து என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. புதுச் சட்டியைக் கண்டுகொண்டார். பழையதை எறிந்துவிட வேண்டாம், அதில் கொத்தமல்லி விதைக்கலாம் என்றார்.

ஏப்ரல் 8, சனி

திங்கட்கிழமை காலை எங்கள் இருவரையும் மருத்துவமனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அவர் விடுப்பு கேட்டுவிட்டார். வழக்கமான மீன்காரர் திரும்பிவிட்டார். தெற்கிலிருந்து ரொபாலோ வந்தால் தலையோடு எடுத்து வைக்கச் சொல்லி முன்பணம் கொடுத்திருக்கிறேன்.