மீனுக்கும் கொஞ்சம் காய்கறி

தொட்டி மீன்களுக்குக் காலம் முழுவதும் உருண்டைத் தீவனம் மட்டுமே போடுவதைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. தங்கமீனுக்கு இரைப்பையே கிடையாது. தின்பது நேரே குடலுக்குப் போகிறது. பச்சைப் பட்டாணியை உப்பில்லாமல் வேகவைத்து, தோலுரித்து, பிய்த்துப் போடுங்கள். ஆசையாகத் தின்னும்.

ப்ளெகோ என்னும் உறிஞ்சு வாய் மீனை வளர்ப்பவர்கள் வெள்ளரித் துண்டை எவர்சில்வர் முள்கரண்டியில் குத்தி அடியில் இறக்குங்கள், இல்லாவிட்டால் மிதக்கும். விளக்கை அணைத்த பிறகுதான் ப்ளெகோ பெரும்பாலும் வெளியே வரும். உறிஞ்சு வாயைப் பதித்து, சதையைச் சுரண்டிச் சுரண்டித் தின்றுவிட்டு, பச்சைத் தோலை வளையமாக விட்டுவைக்கும். என்ன ஒரு நேர்த்தி!

மிச்சத்தை மறுநாளுக்குள் கட்டாயம் எடுத்துவிடுங்கள். அழுகினால் தண்ணீரில் அம்மோனியா ஏறும், மீன்கள் செத்துப்போகும். ஃபைட்டர் மீனுக்கு இதெல்லாம் வேண்டாம், அது புழு பூச்சி தின்னும் இனம்.